பிரெஞ்சுக் கப்பல்கள் போன வழி

ஜூலை 7, செவ்வாய்

மழை. ஆறு டிகிரி. இந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். ஹீட்டர் இன்னும் வேலை செய்யவில்லை. வாடகை வீட்டுக்காரனுக்கு மறுபடியும் மெசேஜ்.

தாரணிக்கு வரைபடம் செய்து கொடுக்க வேண்டும். சனிக்கிழமை தமிழ் நூலகத்தில் அவளுடைய பேச்சு: ஏழாண்டுப் போர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பா, அமெரிக்கா, வங்காளம், புதுச்சேரி என்று உலகம் முழுக்க அடித்துக்கொண்டன. உண்மையான முதல் உலகப் போர் இதுதான் என்கிறாள். இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிடுவேன். இரண்டு வருடப் பழக்கம். இனி என்ன யோசனை?

வரைபடம் என் தொழில். துறைமுகங்களைக் கொடுத்தால் கடல்வழியை மென்பொருளே போடும். கப்பல்களை நகரவிட வேண்டியதுதான் பாக்கி.

கதிரும் உதவுகிறானாம். புதுச்சேரிக்காரன். பழைய பிரெஞ்சை வாசித்து அவளுக்குச் சொல்கிறான்.

ஜூலை 9, வியாழன்

கிரான்பர்னில் தாரணி வீட்டில் ஒத்திகை. நாங்கள் மூவர். அவளுடைய அம்மா கதிருக்கு இரண்டாம் தரமும் தேத்தண்ணி ஊற்றினார். என்னைக் கேட்கவில்லை.

அவனோடு பேசும்போது தாரணி "ஆமா" என்கிறாள். என்னோடு எங்கள் ஊர் "ஓம்". எப்போதிருந்து இது?

முற்றுகையில் புதுச்சேரி பட்டினி கிடந்ததை அவன் சொன்னான். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நான் பேசினால் போனைப் பார்ப்பாள்.

அவனுடைய கறுப்பு ஸ்வெட்டர். நல்ல ஸ்வெட்டர். அதுவும் எரிச்சல்.

வரைபடத்தை ஓட்டிக் காட்டினேன். நீலக் கப்பல் பிரான்ஸ், சிவப்பு இங்கிலாந்து. கதிர் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"படம் என்ரை வேலை. நீர் பிரெஞ்சைப் பாரும்" என்றேன்.

"சரிங்க" என்று சிரித்தான். தாரணி சிரிக்கவில்லை. நான் முதலில் கிளம்பினேன். அவன் இருந்தான்.

ஜூலை 11, சனி

நூலகத்தில் நல்ல சனம். நாற்காலி போதவில்லை. வடை ஆறிப்போய்விட்டது. தாரணி அருமையாகப் பேசினாள்.

பிறகு என் வரைபடம். பின்வரிசையில் ஒரு அங்கிள் கையைத் தூக்கினார்.

"தம்பி, உந்தக் கப்பல் சூயஸ் கால்வாயாலையெல்லோ போகுது. கால்வாய் வெட்ட இன்னும் நூறு வருசம் கிடக்கே."

மண்டபமே சிரித்தது. மென்பொருள் இன்றைய கடல்வழியைத்தான் போட்டிருக்கிறது. நிறத்தையும் வேகத்தையும் பார்த்த நான் வழியைப் பார்க்கவில்லை.

கதிர்தான் எழுந்து சமாளித்தான். "ஏதோ அவசரம் போல அங்கிள்." பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வந்த கதையைச் சொன்னான். கைதட்டல். அங்கிளின் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டேன். இவன் காப்பாற்றியதைப் பொறுக்க முடியவில்லை.

வீடு திரும்பும்போது காரில் தாரணியிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை அவன் சொல்ல வந்தது இதுவா என்று கேட்டேன்.

"ஓம். நீர் போனாப் பிறகு சொன்னவர்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, உன் பேச்சல்லவா பழுதாகிப் போனது என்றேன்.

கண்ணாடியில் வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது.

"உமக்குச் சொல்லுறதைவிட, சனம் சிரிக்கிறது லேசு எண்டு நினைச்சன்."

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

வெயில். குளிர் குறையவில்லை.

எல்லாக் கப்பலையும் ஆப்பிரிக்காவைச் சுற்றி விட்டேன். சின்ன வேலைதான். தாரணிக்கு அனுப்பவில்லை. முதலில் கதிருக்கு அனுப்பினேன், சரியா என்று பார்த்துச் சொல்லும்படி. மூன்று தரம் அழித்து எழுதிய மெசேஜ்.

பார்த்துவிட்டான். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

கிரான்பர்னில், தாரணி வீட்டில் இருக்கிறானோ?