பொட்டலம் கட்டியவள்

எதிர்வீட்டுக்காரி காலையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் கொஞ்சம் செவ்வரளி, கொஞ்சம் நந்தியாவட்டை, நறுக்கிய வாழையிலைத் துண்டுகள் இரண்டு, வாழைநார். குளித்துவிட்டு வருவதற்குள் பூப்பொட்டலம் கட்டி வைக்கச் சொன்னாள். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான் பத்து வருடமாக யாருக்கும் பொட்டலம் கட்டுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. மாட்டேன் என்று வாயெடுப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள். அரளி வாசனை மெல்ல எழுந்து வருகிறது. உனக்கு இதை எழுதாமல் இந்தத் தாம்பாளத்தைத் தொட என்னால் முடியாது.

அவளுடைய மகள் அடி தாங்க முடியாமல் புருஷன் வீட்டிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. பெண் இங்கேயே இருக்கட்டுமா, திருப்பி அனுப்பிவிடலாமா என்று முருகன் கோயிலில் பூக் கேட்கப் போகிறார்கள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, வெள்ளை வந்தால் இருக்கலாம், சிவப்பு வந்தால் போக வேண்டும். கேட்கிற வீட்டார் பொட்டலம் கட்டக் கூடாது, வெளியாள்தான் கட்ட வேண்டும் என்பதால் என்னைத் தேடி வந்திருக்கிறாள். தெருவில் இத்தனை பேர் இருக்க, என்னை.

உன் அய்யனின் பனியன் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்த அந்தப் பலகை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டாவதோடு உன்னையும் என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி மகளாக இருந்தாலும் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டினாய். என் கண் பிசிறில் இருக்கும். உன் கண் எப்போதும் அந்தப் பக்கத்து அறையில், உருண்டு உருண்டு துணியை இறக்கிக்கொண்டிருக்கும் நிட்டிங் மிஷினில் இருக்கும். அந்த அறை ஆண்களுக்கு. தையலும் பிசிறும் மடிப்பும் நமக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் யாரும் மீறவில்லை.

ஒருநாள் மிஷின்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நீ எழுந்து போய் அதை ஓடவிட்டாய். நான் வாசலில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரல் அகலத்துக்குத் துணி இறங்கியது, ஒரு கண்ணி விடவில்லை. திரும்பி வந்த மாமா, அதாவது உன் அய்யன், துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "நல்லாத்தான் ஓட்டறே. ஆம்பளையாப் பொறந்திருக்கோணும்" என்றார். அடித்திருந்தால்கூட நீ அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாய்.

அதனால்தான் உன் அத்தை மகன் சீமைக்குப் போய்ப் பின்னலாடைத் தொழில் படித்து, அங்கேயே லெஸ்டரில் வேலையும் வாங்கிக்கொண்டு உன்னைக் கட்ட வந்தபோது, ஊரே கடல் தாண்டிப் போகிற பெண்ணை நினைத்துக் கண்ணைக் கசக்க, நீ மட்டும் குதித்தாய். "ராணி ஆளற ஊரு புள்ள. அங்க பொம்பளைய மிஷின்ல உடமாட்டேன்னு எவன் சொல்லுவான்?" என்றாய். நானும் அப்படித்தான் நம்பினேன். காசிலும் தபால்தலையிலும் ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டு வைத்திருக்கிற ஊரில் பெண்ணுக்கு என்ன குறை இருக்க முடியும் என்று நமக்கு எண்ணம். நம்முடைய அறிவு அவ்வளவுதான்.

உன் முதல் ஏர் லெட்டரைப் படித்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அங்கேயும் பனியன் கம்பெனிதான். நிட்டிங் மிஷின் ஆண்களுக்கு, தையல் பெண்களுக்கு. வெள்ளைக்காரிகளுக்கு நடுவில் உன்னையும் ஒரு தையல் மிஷினில் உட்காரவைத்தார்கள். 'கப்பல்ல இத்தனை நாளு வாந்தி எடுத்துட்டு வந்தது இதே பலகைல வந்து உக்காரறதுக்குத்தான்' என்று எழுதியிருந்தாய்.

அடுத்த வீட்டு வெள்ளைக்காரி மேரியைப் பற்றி எழுதினாயே, அந்தக் கடிதத்தைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பத்து வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள், துணி துவைக்கிற மிஷின் ஒன்றைத் தவணையில் வாங்கப் போயிருக்கிறாள். கடைக்காரன் புருஷன் கையெழுத்துக் கேட்டிருக்கிறான். புருஷனோ வேறொருத்தியோடு ஓடிப்போய் மூன்று வருடம். மிஷினுக்காக அவனைத் தேடிப் பிடித்து, அந்த இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று கையெழுத்து வாங்கி வந்தாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அந்தக் கையெழுத்து உன் பக்கம் திரும்பும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இந்திப் போராட்டத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த அந்த மாதத்தில்தான் உன் கடைசிக்கு முந்தின கடிதம் வந்தது. இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் வயிற்றை அறுத்து எடுத்தவை. இரண்டாவதில் ரத்தம் நிற்காமல் போய் உன்னைப் பிழைக்க வைக்கவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். இன்னொன்று தரித்தால் உயிர் தங்காது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இனிமேல் பிள்ளை வராமல் ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் படிவத்தில் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். ஆண் பிள்ளை இல்லாமல் எப்படிப் போடுவேன் என்று உன் வீட்டுக்காரர் பேனாவைத் தொடவில்லை. 'என்ற வயித்துல கத்தி வெக்கறதுக்கு என்ற கையெழுத்து ஆகாதாமா. ராணி ஊருல இதுதான் சட்டம்னு அந்த டாக்டர் சொல்றாரு. சட்டமோ பழக்கமோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்' என்று எழுதியிருந்தாய்.

அவர் ஒரே ஒருவர் பேச்சைத்தான் தட்டமாட்டார். உன் அய்யன் அவருக்குத் தாய்மாமன். தாய்மாமன் ஒரு வரி எழுதினால் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் மாமாவுக்கு வரும் கடிதத்தையெல்லாம் கம்பெனிக் கணக்குப்பிள்ளைதான் சத்தமாகப் படிப்பார். அதனால் எனக்கு எழுதினாய். 'அம்மாகிட்ட நீ சொல்லு. சீக்கிரம் சொல்லு புள்ள. எனக்கு ஒவ்வொரு ராத்திரியும் பயமா இருக்குது' என்று முடித்திருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

அன்றைக்கே அத்தையிடம், உன் அம்மாவிடம், ஓடினேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மாமாவிடம் அத்தை எப்படிச் சொன்னார் என்று தெரியாது. மூன்றாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டு, பூக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம், வெள்ளை வந்தால் உடனே எழுதுகிறேன் என்றார். கம்பெனி தொடங்கியதும், கிணறு வெட்டியதும், உன் கல்யாணத்தை முடித்ததும் பூக் கேட்டுத்தான். உன் உயிருக்கும் அதே வழி என்றபோது எனக்கு அது தப்பாகக்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமையை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. மாமா சன்னதியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, மதிலுக்குப் பின்னால் போய்த் தனியாகக் கட்டிக்கொண்டு வா என்றார். தாம்பாளம் நிறைய நந்தியாவட்டை, ஓரத்தில் ஒரு செவ்வரளி. நான் ஒரு பொட்டலத்தில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். என் கை தானாகவே இன்னொரு வெள்ளையை எடுத்து அதிலும் வைத்தது. ஆமாம், வைத்தேன். இலையைப் பாதி மடித்தும்விட்டேன். அந்த நொடியில் நீ பிழைத்திருந்தாய்.

பிறகு பயம் வந்தது. மாமா இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தால் என் மானம் என்ன ஆகும், என் அப்பாவுக்கு அந்தக் கம்பெனியில் வேலை என்ன ஆகும் என்ற பயம். சாமியை ஏமாற்றினால் அந்தப் பாவம் உன் தலையில் விடியுமோ என்ற பயம். இவ்வளவு நியாயமான கேள்விக்கு முருகனே வெள்ளையைக் கொடுக்காமல் எங்கே போவான், நான் எதற்கு நடுவில் திருட்டுத்தனம் செய்ய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நல்ல பெண்ணைப் போலச் சொல்லிக்கொண்டேன். வெள்ளையை எடுத்துவிட்டு அரளியை வைத்தேன். நார் சுற்றிய கை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியது.

பூசாரி சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கல்மனசுக்காரர் இல்லை, உனக்கே தெரியும், அவர் கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் எழுதவில்லை. "சாமி வாக்குக்கு மேல நாம என்ன பண்ணமுடியும், கண்ணு. பையன் பொறப்பான், எல்லாஞ் செரியாயிரும்னு நீயே எழுதிப் போட்டுரு" என்றார். நான் எழுதினேன். என் கையெழுத்தில்தான் எழுதினேன். பொறுத்துக்கொள், நாமெல்லாம் பொறுக்கத்தானே பிறந்தோம் என்று என் சொந்தச் சரக்கையும் ஒரு வரி சேர்த்தேன். கோயிலையும் பூவையும் பற்றி ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு, எது வந்தது என்று எழுதக் கை வரவில்லை.

உன் பதில் மூன்றே வரி. 'பூ எது வந்துச்சுன்னு நீ எழுதல. செவப்புன்னு புரிஞ்சுக்கிட்டேன். பொட்டலம் யாரு கட்டுனாங்க?'

நான் பதில் எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மாசமாக இருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரரின் கடிதம் கம்பெனிக்கு வந்தது. கணக்குப்பிள்ளை சத்தமாகப் படித்தார், எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். என் பங்கு மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் பிசிறு வெட்டினேன். பிறகு தந்தி வந்தது. மூன்றாவதும் பெண். அந்தக் குழந்தையும் உன்னோடு போய்விட்டது. அன்றைக்கு நிட்டிங் மிஷின்களை நிறுத்தினார்கள். உனக்காக அவை நின்றது அந்த ஒரு நாள்தான்.

இதைவிட மோசமானது இனிமேல்தான் இருக்கிறது. உன் பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, அடுப்படியில் அத்தையும் நானும் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அத்தை என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏம்புள்ள, ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிருக்கப்படாதா?"

நான் கழுவின சொம்பையே திரும்பவும் கழுவினேன்.

"தட்டத்துல ஒரே ஒரு செவப்புத்தானே வெச்சேன். அதையும் தூக்கி எறிஞ்சிருப்பீன்னு நெனச்சுத்தான் உன்னையத் தனியா அனுப்பிச்சேன்" என்றார். சத்தம் உயரவில்லை. சொல்லிவிட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

உன்னைக் காப்பாற்ற உன் அம்மா தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். வாயைத் திறந்து புருஷனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாதவர், பூப்பறித்த இடத்திலேயே பேசியிருக்கிறார். ஒரு பெண் பேசியது இன்னொரு பெண்ணுக்குப் புரிந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். எனக்குப் புரியவில்லை. உன் வீட்டுக்காரரையும் அந்த டாக்டரையும் உன் அய்யனையும் நான் இந்தப் பத்து வருடமாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். திட்டி முடித்ததும் மிச்சம் இருப்பது நான்தான்.

போன வாரம் பேப்பரில் பார்த்தேன். உன் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டமாம். அங்கே பெண்கள் ஊர்வலம் போனார்களாம், மேரி போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கூலி கிடக்கட்டும், அந்தப் படிவம் மாறிவிட்டதா என்று அந்தச் சின்னச் செய்தியில் தேடினேன். இல்லை. இங்கே கம்பெனிகள் பெருகிவிட்டன. நிட்டிங் அறைக்குள் இன்னும் ஒரு பெண்ணையும் நான் பார்க்கவில்லை. உன் பெண்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் என்ன எழுதிவிடப் போகிறேன்.

எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது இங்கிருந்து தெரிகிறது. இடது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது. வயது பத்தொன்பதுகூட இருக்காது.

எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பொட்டலங்களையும் கட்டிவிட்டேன். இப்போது எதிர்வீட்டுக்காரி வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் சந்தேகக்காரர் என்று சொல்வார்கள். இரண்டாவதையும் பிரித்துப் பார்த்தால் தெருவே என் வாசலில் வந்து நிற்கும். நிற்கட்டும். செவ்வரளி முழுவதும் என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. விரலெல்லாம் அதன் பால் ஒட்டுகிறது. இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் பயமும் போய்விடவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பத்து வருடமாகப் பதில் எழுதவில்லை. பொட்டலத்தைக் கட்டியது நான்தான்.