ஒரு தும்மலுக்கு அடைத்த கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம்.

உன் கடிதம் வந்தது. விடுமுறை கிடைத்தும் வரமாட்டேன் என்கிறாய். பள்ளியில் நாள் முழுக்க இருபது மழலைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் கையோடு, நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத தம்பி வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று கேட்டிருக்கிறாய். நான்கு வருடமாக இதே பாட்டு. எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்திக்கான மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் காலையில் வயிற்றில் இரண்டு சின்ன ஊசி. ஒரு குட்டி பம்ப் மெதுவாக மருந்தை ஏற்றும். செய்தித்தாள் படித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்து அது. அவர்களில் ஒருவரையாவது பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றிருக்கிறது.

வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு 'லீவு லெட்டர்' என்று பட்டப்பெயர் உண்டே, இந்த வருடம் மொத்தமே இரண்டு நாள்தான் லீவு. உங்க பேரை மாத்தணும் போலிருக்கே என்றார் முதலாளி. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டேன்.

ஒரு விஷயம் உன்னிடம் மறைத்திருந்தேன். போன வருடம் ஊசி போடக் கற்றுக்கொடுக்க முதல்முறை நர்ஸ் வந்தபோது, வாசலில் மூக்கில் தூசி ஏறி ஒரு தும்மல் தும்மினார். உன் தம்பி பெண்டாட்டி படாரென்று கதவை அடைத்துவிட்டாள். உடம்பு சரியானதும் வாங்க சிஸ்டர் என்று ஜன்னல் வழியாகவே அனுப்பி வைத்தாள். அவர் மறுபடி வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிருமியத் தடுக்கிறேன்னு மருந்தையே தடுத்துட்டீங்களேம்மா என்றார் டாக்டர். எல்லாரையும் வெளியே நிறுத்திட்டா இவர் யாரோட வாழுவார் என்றும் கேட்டார். இவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது அவள்தான் ஊசி போடுகிறாள், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்!

அக்கா, நீ வராததற்குக் கிருமி மட்டும்தான் காரணமா? சின்ன வயதில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதெல்லாம் சோம்பேறி, நடிக்கிறான் என்று திட்டினாயே, அதுவும் உன்னை அரிக்கிறதோ என்று தோன்றுகிறது. எனக்கு என்ன கோளாறு என்று டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்குள் எனக்கே நாற்பது வயதாகிவிட்டது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி உனக்கு எப்படித் தெரியும்? நான் அதை மறக்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

சளி பிடித்திருந்தால் ஒரு வாரம் தள்ளி வா. வந்ததும் கை கழுவு, போதும். எத்தனையோ பேர் சேர்ந்து மீட்டுக் கொடுத்த உயிர் இது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீயும் வராமல் இருந்துவிட்டால், நன்றாக இருக்கிறேன் பார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன்னை எதிர்பார்த்திருக்கும்
தம்பி