வேலு வைத்த கட்டைவிரல்

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. புனேவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் நைனா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், வார்டே காது கொடுத்துக் கேட்கும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுப் பேசு.

உப்பு ஏரியில் வலை இழுக்கும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் போனார், சொன்னால் கேட்கிற ஆளா. முழங்கை வரை வீங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். ரோட்டோரத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் காப்பீட்டு அட்டை செல்லும் என்று பெரிய போர்டு, அதை நம்பிச் சேர்த்தோம். ஊசி மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே சீழ், இன்று மாலைக்குள் அறுத்துச் சுத்தம் பண்ணாவிட்டால் இரண்டு விரல் போகும் என்று நேற்று டாக்டர் சொன்னார்.

சேர்த்த அன்று அட்டைக்கு ரேகை கேட்டார்கள். வலது கையில் கட்டு, இடது கையை எட்டு முறை வைத்தும் மிஷின் எடுக்கவில்லை. கவுண்டர்க்காரர் சலித்துக்கொண்டதும் உன் நைனா, உன் மிஷினை முப்பது வருசம் உப்புத் தண்ணியில போட்டு எடுத்துப் பாருப்பா, அதுக்கும் ரேகை இருக்காதுன்னார். அந்த வலியிலும் வாய் குறையவில்லை. பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா வேலு சட்டென்று தன் கட்டைவிரலை வைத்துவிட்டார். ஏரியில் வலை போடும் முறையைச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பாடு என்போமே, அந்தப் பாட்டுக்கு அண்ணன் போக முடியாவிட்டால் தம்பி இறங்கி வலை கட்டுவது நம் ஊர் வழக்கம்தானே, அந்த நினைப்பு. ஆள் மாறாட்டம் என்று பிடித்துக்கொண்டார்கள். அட்டையை மறந்துடுங்க, நாங்களே பணம் கட்டிக்கிறோம்னு கையெழுத்துப் போடுங்க, அப்பதான் ஆபரேஷன், இல்லன்னா போலீஸ் கேஸ்தான்னு அந்தக் கவுண்டர்க்காரர் மிரட்டினார். நானும் வேலுவைக் கிழி கிழி என்று கிழித்தேன். அண்ணன் கையைத் தின்னுட்டியேன்னு கேட்டேன். பாட்டுக்கு நான் இறங்கலியா அண்ணி, இதுல இன்னா தப்புன்னு ஒரே வார்த்தை. அன்றிலிருந்து சோறு தொடாமல் வாசலில் பைக் நிறுத்தும் இடத்திலேயே கிடந்தார்.

இன்று காலை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், காப்பீட்டு டெஸ்க்கில் வேலை பார்க்கும் மாலதி என்ற பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். யக்கா, ரேகை ஒரு பிரச்சினையே இல்ல, அதுக்கு வேற வழி இருக்குது, இங்க கை ஆபரேஷனுக்குப் பதிஞ்சிருந்த டாக்டர் வேலைய விட்டுப் போயி நாலு மாசம் ஆவுது, புது டாக்டர் பேரை இன்னும் காப்பீட்டுப் பட்டியல்ல ஏத்தல, அட்டையில இவங்க பில்லே போட முடியாது, நான் சொன்னேன்னு சொல்லிடாதன்னாள்.

அப்படியானால் அந்தப் போர்டு எதற்கு? வலியோடு உள்ளே வந்தவன் வெளியே போகமாட்டான் என்று தெரியும். ஏரிக்கரை ஜனம், போலீஸ் என்றால் தலையைக் குனிந்துகொள்ளும் என்றும் தெரியும். வேலு விரல் வைத்தது இவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நீ அங்கே உட்கார்ந்து அமெரிக்கா டாக்டர்கள் எந்தக் காப்பீட்டுக் கம்பெனிப் பட்டியலில் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று ஒன்று விடாமல் பதிகிறாய். ஒரு நாள் தவறினாலும் பில் திரும்பி வந்துவிடும் என்று நீதானே சொன்னாய். உன் நைனா கைக்கு அப்படிப் பார்க்க இங்கே ஒருத்தரும் இல்லை.

பணம் அனுப்பாதே. ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்ததும் போன் போட்டு, கை ஆபரேஷனுக்கு உங்களிடம் எந்த டாக்டர் பேர் பட்டியலில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று உன் ஆபீஸ் பாஷையில் கேள், போலீஸ் பேச்சு தானாக அடங்கிவிடும். நைனாவுக்குப் பார்த்த வைத்தியத்தின் கேஸ் பேப்பரை எங்கள் கையில் கொடுக்கச் சொல். மாலதி பேரை மட்டும் எடுக்காதே, அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. பத்து மணி வரை பார்ப்பேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நைனாவை ஏற்றிக்கொண்டு பட்டணத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன், வேலு வண்டி பேசி வைத்திருக்கிறார். அவரிடம் மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கவில்லை. இட்லி வாங்கி நீட்டினேன், தின்றார்.

நீ பட்டினி கிடந்து வேலை பார்க்காதே. அம்மன் உன்னை நல்லபடி வைக்கட்டும். ஒன்பது மணியை மறந்துவிடாதே. அந்தக் கவுண்டர் ஆள் இதுவரை மூன்று தடவை பேப்பரும் பேனாவும் நீட்டிவிட்டார். இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு நான் என் பேரை எழுதுவது இந்தக் காகிதத்தில் மட்டும்தான்.

உன் அம்மா,
து. வேலம்மா