உன் தம்பி விட்ட மூன்று கோல்

மச்சான்,

இன்றைக்குப் பிரித்த பழைய பேப்பர் பண்டலில் ஒரு ஹாக்கிப் பக்கம் வந்தது. எந்த ஊர்க்காரனோ அதன் மேல் சாம்பாரைக் கொட்டியிருக்கிறான். நம்ம பசை வாடையோடு அந்தச் சாம்பார் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், வலது பக்கம் திரும்பி, "மச்சான், நம்ம பயலுக மறுபடியும் கவுந்துட்டானுக" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நீ உட்காரும் பலகையில் இப்போது ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிற ஒரு அக்கா உட்காருகிறது. என்ன தம்பி என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உனக்கு எழுத்து தெரியாது. எனக்கு நாலாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கடிதம். பிழை இருந்தாலும் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நம்ம ஷெட்டில் வெடிக்குக் குழாய் உருட்டுகிற பேப்பரெல்லாம் படித்து முடித்து எடைக்குப் போட்ட பேப்பர். மதுரை, மெட்ராஸ், மலையாளத்துப் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ லாரியில் வரும். ஊர் உலகத்துக்கு நேற்று முடிந்த மேட்ச் நமக்கு நாலு மாசம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதிலும் பாதிப் பக்கம்தான் கிடைக்கும். இடைவேளை வரைக்கும் என்ன நடந்தது என்று ஒரு பண்டலில் இருக்கும். முடிவு எந்த வெடிக்குள் போனதோ, அது வெடித்தவனுக்குத்தான் வெளிச்சம். அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டா இருந்தோம்?

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நீ தீர்ப்புச் சொல்வாய். பந்தைக் கம்பில் வைத்துக்கொண்டு நாலு பேரை ஏய்த்துவிட்டு, கடைசியில் யாருக்கும் கொடுக்காமல் தொலைக்கிறானே, அவன் சங்குசக்கரம். சுற்றுவான், இருந்த இடத்தை விட்டு நகரமாட்டான். முதல் பத்து நிமிஷம் ஓடிவிட்டு மூச்சு வாங்குகிறவன் புஸ்வாணம். கோலைப் பார்த்து அடிக்க ஷார்ட் கார்னர் கிடைத்தால் மட்டும் வந்து ஓங்கி அடிக்கிறவன் அணுகுண்டு. மற்ற நேரத்தில் அவனால் ஒரு பிரயோசனமும் கிடையாது என்பது என் கட்சி. அந்த ஒரு அடிக்காகவே அவனைச் சுமக்கலாம் என்பது உன் கட்சி. அவன் பெறுமானம் எம்புட்டு, இவன் பெறுமானம் எம்புட்டு என்று நாம் போட்ட சண்டையில் எத்தனை குழாய் கோணலாய்ப் போயிருக்கும். கிரிக்கெட்காரன் ஒருத்தன் விளம்பரத்தில் சோடா குடிக்கிற மாதிரி நடித்து வாங்குகிற காசில் மொத்த ஹாக்கி டீமையும் வாங்கி, மாற்றாளும் வாங்கலாம் என்று நான் சொன்னால், உனக்கு மூக்கு விடைக்கும்.

பேப்பரில் எழுதுகிறவர்களை மட்டும் நீ மதித்ததே கிடையாது. "கோல் போட்டவனை ஒரு நாளு பேசுவாக, கோல் விட்டவனை ஒரு வருசம் பேசுவாக" என்பாய். அதை எதற்குச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் தம்பி கீப்பர்.

நம்ம பக்கத்தில் பிறந்தவன் வெடிக்கும் தீப்பெட்டிக்கும் தப்பி வெளியே போக நாலைந்து வழிதான் உண்டு. உன் தம்பிக்குக் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த வழி ஹாக்கி. பத்து வரைக்கும் படித்தவன். நன்றாக ஆடுகிற பையன்களைப் பெரிய ஆபீஸ்கள் தங்கள் டீமுக்கு எடுத்து, கையோடு வேலையும் போட்டுக் கொடுக்கும். அந்த ஒரு வேலைக்காக நீ என்னவெல்லாம் செய்தாய். காலில் கட்டுகிற பேட் வாங்க வழியில்லை என்று பழைய படுதாத் துணியை வெட்டி, பஞ்சை அடைத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் நீயே தைத்தாய். நூல் தீர்ந்துபோய் பாதியில் நீலத்துக்கு மாறினாய். "உன் தம்பி கோல் வாசல்ல நிக்கிறானா, மெத்தை கட்டிக்கிட்டுத் தூங்குறானா?" என்று அப்போதே நான் கேட்டேன். நீயும் சிரித்தாய். என் வாய் அன்றைக்கே தைக்கப்பட்டிருக்க வேண்டிய வாய்.

அந்த மேட்சுக்கு நாம் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். ஒரு ஆபீஸ் டீமிலிருந்து ஆள் பார்க்க வந்திருந்தார்கள். நீ கோல் கம்பத்துக்குப் பின்னால் வெயிலில் போய் நின்றாய். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. மூன்று கோல் விழுந்து நம்ம பையன்கள் தோற்றார்கள். கூட்டம் வெளியே வரும்போது வாசலில் ஒரு பேப்பர்காரத் தம்பி என்னை நிறுத்தி, எந்த ஊரண்ணே என்றான். சிவகாசிப் பக்கம் வெடி வேலை என்றேன். கீப்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றான். சுற்றி நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு நிற்காது என்பது உனக்குத் தெரியும்.

"கீப்பரா அது? நமுத்த வெடி தம்பி. திரி எரியும், புகை வரும், வெடிக்கத்தான் செய்யாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் பார்த்தேன். உன் தம்பி மண்டிபோட்டுக் கிடக்கிற கலர்ப் படம். அதற்கு மேல் கொட்டை எழுத்தில், 'நமுத்த வெடியான கீப்பர்: ரசிகர்கள் வேதனை.' ரசிகர்கள் என்று பன்மையில் போட்டிருந்தான். நான் ஒருத்தன்தான் மச்சான். வேதனையும் படவில்லை.

அந்த ஆபீஸிலிருந்து உன் தம்பிக்குக் கடிதம் வரவேயில்லை. மூன்று கோலால் வரவில்லையா, என் ஒரு வாயால் வரவில்லையா, யாரைக் கேட்பது? ஆறு மாசம் தபால்காரரை எதிர்பார்த்துவிட்டு அவனும் நம்ம கம்பெனிக்கே வந்துவிட்டான். கோல் வாசலில் நின்றவன், வெடிமருந்து ரூம் வாசலில் நிற்க ஆரம்பித்தான்.

அன்றைக்கு டீக்கடைப் பேப்பரை நான் இடுப்பில் செருகி எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் தொங்கிய மூன்றையும் வாங்கினேன். உனக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தவன் வந்து சொல்லாமல் இருந்தால் போதும், பேப்பருக்கு ஆயுசு ஒரு நாள்தானே என்று நிம்மதியாக இருந்தேன். வெடிக்காரன் நினைக்கிற நினைப்பா இது? ஊருக்கெல்லாம் செத்துப்போகிற பேப்பர் நம்ம ஷெட்டுக்குத்தானே உயிரோடு வருகிறது! இது எனக்கு உறைத்தபோது பண்டல் பிரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அதிலிருந்து நான் எப்படி மாறினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். பண்டலை நான்தான் பிரிப்பேன், யாரையும் தொடவிடமாட்டேன். போர்மேன் என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டினார். "என்னலே, முதலாளி பொண்ணு கிண்ணு மேல கண்ணு வச்சிருக்கியா?" என்று நீ கேட்டாய். ஒவ்வொரு பண்டலிலும் விளையாட்டுப் பக்கத்தை உருவி உருவிப் பார்த்து, எனக்கு விரல் நுனியெல்லாம் மை. நாலு மாசம், ஏழு மாசம். வரவில்லை.

காய்ச்சலில் நான் இரண்டு நாள் படுத்தேன். மூன்றாம் நாள் ஷெட்டுக்குள் நுழையும்போதே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ பசைச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து விரித்தாய். முகம் மூடியிருந்தாலும் உன் தம்பியை நீ கண்டுபிடித்துவிட்டாய். நீல நூல். உன் தையல். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு மூன்று அங்கேயே இருந்தும் யாரிடமும் நீ காட்டவில்லையாம். என் மாப்ள வந்துதான் வாசிக்கணும் என்று இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தாயாம்.

"வாசி மாப்ள. சத்தமா வாசி."

வாசல் எனக்குப் பின்னால்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேப்பரை வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "கோல் வாசலில் ஒரு கோட்டைச் சுவர்" என்று வாசித்தேன்.

"கோட்டைச் சுவரா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. ரசிகர்கள் பெருமிதம்னு கீழ போட்டிருக்கு."

"மூணு கோலு விழுந்துச்சே, அதப் போடலையா?"

"போட்டிருக்கான். முன்னால தடுக்க வேண்டிய பேக்கு ரெண்டு பேரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா, கீப்பர் ஒத்தையில என்ன செய்வாருன்னு கேட்டிருக்கான்."

நீ எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாய். "பேப்பர்க்காரவுகள்லயும் நல்லவுக இருக்காக மாப்ள" என்றாய். நான் உன்னிடம் எத்தனையோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் விழுந்த மாதிரி எதுவும் விழுந்ததில்லை.

அதோடு விட்டாயா? சாத்தூருக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டாய். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாய். சட்டம் போடுகிறவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கும்பிடாத குறை. அவர் ஒன்றும் கேட்காமல் ஆணி அடித்தார். வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு ஊதுபத்தி காட்டினாய்.

சட்டம் மாட்டிய அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்ததும், நீயும் ஒரு தடவை படிடா என்றாய். அவன் அதை எப்போதோ படித்தவன். சட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். அத்தான் வாசித்தது மாதிரியேதான் இருக்கு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நான் உன் வீட்டுக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் குடிக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு உன் வீடுதான் ஜெயில். யார் வந்தாலும் நீ சட்டத்தைக் காட்டுவாய் என்று நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொள்வேன். படித்தவர் வந்தால் எழுந்து நின்று தலையால் மறைப்பேன். குடும்ப அட்டைக்குக் கணக்கெடுக்க வாத்தியார் வந்த அன்றைக்கு, பல்லி பல்லி என்று கத்தி அவரை வாசலுக்கே கூட்டிப்போய்விட்டேன். சொல்லிவிடலாம் என்று நூறு தடவை நினைத்திருப்பேன். சொன்னால், நான் உன் தம்பியைப் பேசியது மட்டுமா தெரியும்? அவனும் நானும் சேர்ந்து உன்னை முட்டாளாக்கியதும் தெரியும். உள்ளே போன வழியிலேயே வெளியே வர முடியாதபடி நானே கதவைப் பூட்டிச் சாவியை வெளியே வீசிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. கோட்டைச் சுவர் தம்பி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்தார்கள். உன் தம்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமாக வருகிறானோ என்று பார்த்தேன். இல்லை. வெகுநாளாக உள்ளே வைத்திருந்த கேள்வி மாதிரி இருந்தது.

"அத்தான், இனி யாருக்கும் மறைக்க வேண்டியதில்ல. உள்ளதச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அம்புட்டு மோசமாவா ஆடினேன்?"

நான் அந்த மேட்சைப் பார்க்கவேயில்லை மச்சான். நீ கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றதும், வீட்டுக்குக் கடலைமிட்டாய் வாங்கலாம் என்று நான் வெளியே வந்தேன். கடைக்காரர் என்னை மாதிரியே பேச்சுக்காரர். பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். உள்ளே சத்தம் மூன்று தடவை கேட்டது. முடிந்து கூட்டம் கலையும்போதுதான் வாசலுக்கு வந்தேன். பார்க்காதவன் ஒருத்தன் சொன்னதை, வாசலில் நின்ற பேப்பர்காரன் ஒருத்தன் எழுதி, அது ஒரு பையனுடைய தலையெழுத்தாகப் போய்விட்டது.

"தெரியாதுலே. நான் பாக்கல" என்றேன்.

அவன் பந்தல் கம்பு எடுத்த குழிக்குள் காலால் மண்ணைத் தள்ளினான். பிறகு, "அண்ணனாச்சும் பாத்தானா?" என்றான்.

"கண்ணச் சிமிட்டாம பாத்தான்."

"அவன் என்ன சொன்னான்?"

உங்கள் இருவருக்கும் நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லை. சொல்வதானால் என்னிடம்தான் சொல்லியிருப்பாய் என்று அவனுக்குத் தெரியும். நீயும் சொல்லத்தான் வந்தாய். குழாய் உருட்டும்போது, பஸ்ஸில் போகும்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "அந்த ரெண்டாவது கோலு இருக்கே மாப்ள" என்று ஆரம்பித்தாய். அந்தப் பேச்சு எங்கே போய் முடியுமோ என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது கேலி பேசி உன்னைச் சிரிக்கவைத்துத் திருப்பிவிட்டேன். நீயும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாய்.

உன் தம்பி இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வியோடுதான் பார்க்கிறான். என்னிடம் இருப்பது மூன்று சத்தம் மட்டும்தான் மச்சான். முதல் கோலுக்குக் கூட்டம் கத்தியது. மூன்றாவதுக்கும் கத்தியது. இரண்டாவதுக்கு மட்டும், கத்துவதற்கு முன்னால், எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எதையோ அவன் தடுத்துவிட்டான் போல. அதற்குப் பிறகுதான் விழுந்தது போல.

நேற்று அதை மட்டும் அவனிடம் சொன்னேன்.