ஏலத்துக்கு எதற்கு விளக்கு

புரட்டாசி, செவ்வாய் இரவு

காலையில் அண்ணன் கேட்டான். "பாப்பா, நீ தாவரவியல் படிச்சவதான? மாடியறையில ஏலக்கா நாத்து போட்டிருக்கேன். தண்டு நூலாட்டம் நீளுது. என்ன லைட்டு போடலாம்?" வெளிச்சம் போதவில்லை, வெள்ளை எல்இடி போடு, இலை கருகாத உயரத்தில் தொங்கவிடு என்றேன். மாலைக்குள் தேனிக்குப் போய் வாங்கி வந்து மாட்டிவிட்டான். வேலை போன பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

சாப்பிடும்போது அம்மா இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். போடிமெட்டில் ஏலத்தோட்டம் பார்க்கிறவர் அப்பா. "ஏலம் நெழல்ல வளர்றதுடா. அதுக்கு லைட்டு போட்டவன இங்கன எவனும் பாத்ததில்ல" என்று சிரித்தார். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கு ஏன் அது தோன்றாமல் போனது?

அவன் கடைக்குப் போன நேரத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ரம்பப் பல் வைத்த இலைகள். கஞ்சா. வீடு அப்பா பெயரில் இருக்கிறது, பிடிபட்டால் அவரையும் போலீஸ் இழுத்துப் போகும்.

இப்போது மாடியறை ஜன்னல் வழியே வெள்ளை வெளிச்சம் தெருவில் விழுகிறது. எதிர்வீட்டு ஏட்டையா விடியுமுன் வாசலுக்கு வந்துவிடுவார். திரை போடச் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தச் செடிகளை நானும் சேர்ந்து வளர்ப்பதாகும்.