ஒரு ஆள் தூக்க முடியாத கல்

இன்று காலை உலை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. மீன்காரி கன்னியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, உங்கள் கல்லில் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் கேட்கிற சத்தம்தான், எனக்குப் பல் கூசும். இன்று பல்லோடு நிற்கவில்லை, அத்தான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்தால் குழையட்டும், திட்டுவதற்கு நீங்களும் இல்லை.

அந்தக் கல் நம் வீட்டு வாசலுக்கு வந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே ஆத்திரமும் வரும். துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதற்கு வடக்கே கடல் ஊருக்குள் ஏறிக்கொண்டே வந்தது. ராயபுரம் குப்பத்து வீடுகளைக் காப்பாற்றக் கரையோரம் கல் கொட்ட வேண்டும் என்று சர்க்கார் டெண்டர் விட்டது, நீங்களும் போட்டீர்கள். மாதிரி கேட்டால் மற்றவர்கள் ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போவார்கள். நீங்கள் பல்லாவரத்திலிருந்து முழுக் கல்லையே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் இறக்கினீர்கள்.

"ஒரு ஆளு தனியாத் தூக்க முடியாத கல்லுன்னு நோட்டீசுல போட்டிருக்குல்லா? இப்ப தூக்கிப் பாரும்" என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் சொன்னீர்களாம். வீட்டுக்கு வந்து அந்த மனிதர் விழித்ததை நடித்துக் காட்டினீர்கள்.

"கல்லச் சுமந்தவனுக்குத்தான் கூலி. காட்டுனவனுக்கு என்ன கிடைக்கும்?" என்றேன்.

"உன் கருநாக்க உள்ள வையிட்டி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

என் கருநாக்கு பலித்தது. நம்மைவிட ரேட்டு ஏற்றிப் போட்ட வேறொருவருக்கு வேலையைக் கொடுத்தார்கள். அவர் கொட்டப்போவது பொம்பிளைகள் கூடையில் சுமக்கிற பொடிக் கல் என்று தெரிந்ததும் உங்களுக்குத் தூக்கம் போயிற்று. நமக்கு முன்அனுபவம் போதாது என்று காரணம் சொன்னார்கள். மாதிரிக் கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வண்டிக் கூலியும் நம் தலையில்தான் விழுந்தது. வாசலில் இறக்கினீர்கள், அதற்குமேல் அதை நகர்த்த யாராலும் முடியவில்லை.

"புது அரசியல் சட்டம் வந்திருக்குட்டி. இப்ப சர்க்கார் மேலயே கேஸ் போடலாம்" என்று வக்கீல் வீட்டுக்கு நடந்தீர்கள். ஐகோர்ட்டில் தடை உத்தரவு கிடைத்தது. கேஸ் முடிகிற வரைக்கும் ஒரு கல்லும் கொட்டக் கூடாது. அன்றைக்குத் தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தீர்களே! நானும் வாங்கித் தின்றேன். இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கன்னியம்மாவுக்கு அப்போதெல்லாம் போணி உங்கள் கையால்தான். நீங்கள் முதல் காசு கொடுத்தால் மதியத்துக்குள் கூடை காலியாகிவிடும் என்று கொருக்குப்பேட்டை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிவாள். உங்களுக்கு வாங்க மனமில்லாத நாளிலும் ஒரு கை நெத்திலிக்காவது காசு நீட்டியாக வேண்டும். புரட்டாசி மாதம் ஒரு காலை, காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்.

"இன்னா நைனா, கல்லு எப்போ கொட்டுவாங்கோ? அல வந்து செவுத்த நக்கிகினு கீது. பொண்ணு கல்யாணத்துக்குன்னு இப்பத்தான் புது ஓல போட்டேன்."

"கோர்ட்டு சொல்லணும், கன்னியம்மா. கொஞ்சம் பொறு."

"கோர்ட்டு சொன்னா கடலு கேக்குமா நைனா?"

நீங்கள் உள்ளே வந்து, காபி ஆறிவிட்டது என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள்.

ஐப்பசிப் புயலில் குப்பத்தில் கன்னியம்மாவின் வீட்டு வரிசை முழுக்கக் கடலோடு போயிற்று. ஆட்கள் தப்பித்துவிட்டார்கள், ஆண்டவன் புண்ணியம். பானை சட்டி, வலை, கல்யாணத்துக்கு வாங்கிவைத்த பாய், புது ஓலை எல்லாம் போயிற்று. பெண்ணின் கல்யாணமும் நின்றுபோயிற்று.

மழை விட்ட பிறகு அவள் மறுபடி கூடை தூக்கினாள். குரல் கேட்டதும் நீங்கள் காசோடு வாசற்படியில் இறங்கினீர்கள். அவள் உங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வீட்டு வாசலில் கூடையை இறக்கி அங்கே போணி பண்ணினாள். அவள் வைது தீர்த்திருந்தால்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள். காசை உள்ளங்கையில் வைத்தபடியே நின்றீர்கள். "உள்ள வாங்க அத்தான்" என்று நான் கூப்பிட்டது உங்கள் காதில் விழவில்லை.

அன்றே போய்க் கேஸை வாபஸ் வாங்கிவிட்டு வந்தீர்கள். ஜெயிக்கிற கேஸை எவனாவது கைவிடுவானா என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். எனக்கும் கோபம்தான். "நியாயம் நம்ம பக்கம்தானே?" என்று கேட்டேன்.

"நியாயம் நம்ம பக்கம்தான்ட்டி. கடலு அவங்க வீட்டுப் பக்கம்லா இருக்கு" என்றீர்கள்.

தை பிறந்ததும் டெண்டர் எடுத்த அந்த மனிதர் பொடிக் கல்லைக் கொட்டினார். அடுத்த ஐப்பசியில் கடல் அதை உப்பு மாதிரி அள்ளிக்கொண்டு போயிற்று. கூடவே இன்னொரு வரிசை வீடுகளும் போயின. பொடிக் கல் நிற்காது என்று நீங்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. கடைத்தெருவில் நாலு பேர் அதைச் சொல்லி உங்களை மெச்ச வந்தார்கள். அவர்களை நீங்கள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குக் கரைக்குப் போய் ஈர வேட்டியோடு திரும்பியவர்தான், அப்புறம் உங்கள் உடம்பு தேறவே இல்லை.

படுக்கையில் விழுகிற வரைக்கும் ஒரு காலையும் நீங்கள் தவறவில்லை. அவள் குரல் கேட்டதும் காசோடு படியின் வலது ஓரத்தில் போய் நிற்பீர்கள். அவள் கடந்து போவாள். "எதுக்கு இந்த அவமானம்? பேசாம உள்ள கிடங்களேன்" என்று நான் கத்துவேன். நாளைக்கு நிற்பாள் என்பீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அவள் கூட்டத்தின் கடைசியில் நின்றாளே தவிர கிட்டே வரவில்லை.

பதினாறு கழிந்த மறுநாள் வாசலில் கூடை இறங்கிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உங்கள் கல்லின் பக்கத்தில் அவள் குந்தியிருந்தாள்.

"போணி பண்ணு தாயி."

எனக்குச் சுருக்கென்றது. "தாலி அறுத்தவ கையிலயா போணி கேக்க? விளங்குமாட்டி உனக்கு? போ, வேற வீட்டப் பாரு" என்று கத்தினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "வெளங்காட்டி போவுது. நைனா தெனிக்கும் நின்னுகினு இருந்தாரு. நான் பாத்துகினே பூட்டேன். இப்ப யாரு கையில வாங்குவேன்? நீ குடு" என்றாள்.

அவள் அழுதாள். நான் அழவில்லை. உள்ளே போய்க் காசு எடுத்துவந்து கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குப் போணி என் கையால்தான். சில நாள் கூடை பாதிகூடத் தீராமல் திரும்பி வருவாள். ஆனாலும் மறுநாள் இங்கேதான் இறக்குவாள்.

நீங்கள் கேஸ் போட்டது தப்பா, வாபஸ் வாங்கியது தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, அத்தான். இரண்டிலும் குப்பத்துக்கு வீடு மிஞ்சவில்லை. உங்கள்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லவும் மாட்டேன். அந்தக் கல்லையாவது எடுத்துவிடலாமா என்று நம் பையன் கேட்கிறான். முடிந்தால் தூக்கு என்று சொல்லிவிட்டேன்.

காசு கொடுக்கும்போது நான் இடது ஓரமாகத்தான் நிற்கிறேன். கன்னியம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை. வலது ஓரத்தைப் பார்த்துத்தான் ஒற்றிக்கொள்கிறாள்.