கிராங்க் துளையில் சந்தனம்

செக்காலை ரோடு,
காரைக்குடி.
17-10-1973

சிரஞ்சீவி பூமிநாதனுக்கு அப்பா மலையாண்டி எழுதுவது. குன்றக்குடி முருகன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டுக் கைகால் முழுசாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அந்தச் சுகம் நிலைக்கும். நேற்றுச் சாயந்திரம் அடித்த தந்தி கிடைத்திருக்கும். இன்ஜினைப் பூட்டி மூடாதே, கடிதம் பார் என்று எழுதிக் கொடுத்ததும் தபாலாபீஸ் சோமு என்னை ஏற இறங்கப் பார்த்தார், எல்லாரும் பிறப்பு இறப்புக்குத் தந்தி அடிப்பாக, நீங்க இன்ஜினுக்கு அடிக்கிறீக என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் ரேஸ் காருக்கு நான் பார்சலில் அனுப்பிய கிராங்க் தண்டில் எண்ணெய் போகிற துளைகளைச் சந்தனம் அடைத்திருக்கும். அதைக் குத்தி எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் வெள்ளோட்டத்துக்கு வண்டியைத் தொடாதே.

எப்படி என்று கேட்பாய். நாற்பது குதிரைச் சக்திக்குப் பிறந்த இன்ஜினில் சூப்பர்சார்ஜரை வைத்துக் காற்றை அமுக்கித் தள்ளித் தொண்ணூறு குதிரை கட்டப் பார்க்கிறாய், உள்ளே இருக்கிற இரும்பு தாங்குமா என்று நீ எழுதிக் கேட்டதிலிருந்து பஸ் இன்ஜின் வேலையைக்கூட ஒதுக்கிவிட்டு உன் வேலையைத்தான் பார்த்தேன். கனெக்டிங் ராடு நாலையும் நீளவாக்கில் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன், குறுக்கே ஒரு கீறல் நின்றாலும் விரிசல் அங்கேதான் பிறக்கும். நாலும் ஒரே எடையாக வேண்டுமே, நம் பட்டறைத் தராசை நம்பாமல் முத்தப்பன் பாத்திரக் கடைக்குத் தூக்கிப் போனேன், எந்தப் பொண்ணுக்கு அண்ணே இந்தச் சீர் கொண்டு போறீக என்று அவன் கேட்டதில் கடையே சிரித்தது. கிராங்க்கின் மூலைகளை வளைவாக உருட்டி, துளைகளைக் கம்பி விட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்து மேஜையில் வைத்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. உன் அம்மா லேத்துக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், புள்ளை வண்டிச் சாமானுக்கு இல்லாமலா என்று கிராங்க்குக்கும் வைத்தாள். வழவழவென்ற இரும்பில் சந்தனம் வழுக்குகிறது, துளை இருக்கிற இடத்தில் மட்டும் நிற்கிறது, அதற்கென்றே குழி வைத்த மாதிரி இருக்கவும் விரலால் நன்றாக அழுத்தி எல்லாத் துளைக்கும் வைத்துவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே, இராத்திரி முழுக்கக் காய்ந்துவிட்டது. விஜயதசமி அன்று நான் மேலே துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கு சுற்றி ரயிலில் ஏற்றினேன். முன்பே சுத்தம் செய்ததுதானே என்று மறுபடி கம்பி விடவில்லை. தப்பு என்னுடையது, அவளை ஒன்றும் சொல்லாதே.

நேற்று அதே பூஜையில் இருந்த ஒரு பஸ் கிராங்க்கைப் பூட்டப் போகும்போதுதான் பார்த்தேன், துளையில் சந்தனம் கல்லாக இருக்கிறது. அப்போது மணி பன்னிரண்டு. தந்தி அடித்தது நாலரைக்கு. நடுவில் நாலரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் என்றால், நானே ஓட்டப் போகிறேன் அப்பா என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடைப்பு இருக்கட்டும், ஷெட்டிலேயே இன்ஜின் இறுகிப் பிடித்து நிற்கட்டும், பையனுக்கு இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன். பெற்ற அப்பன் நினைத்தது இது. அப்புறம்தான் புத்தியில் பட்டது, ஷெட்டில் சும்மா உறுமும்போது அது கசிகிற எண்ணெயில் தாக்குப் பிடித்துவிடும், நீ முழு மிதி மிதிக்கும்போதுதான் பேரிங் உருகி ராடு ஒடிந்து இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வரும். அப்போது ஸ்டியரிங்கில் நீ. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், நான் வச்ச பொட்டுல எம்புள்ளைக்கு ஒண்ணு ஆனா நான் எந்தச் சாமிய கும்பிடுவேன், எந்திரிச்சுப் போங்க என்று கத்தினாள். செருப்புப் போட மறந்து தபாலாபீசுக்கு ஓடினேன்.

இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். அடைப்பை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டாதே என்று உனக்கு எழுதிவிட்டு நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்? என் மேல் கோபம் இருந்தால் நாலு வரி திட்டி எழுது. ஆனால் முதலில், பூட்டியிருந்தால் கழற்றி, கிராங்க்கை வெந்நீரில் ஊறப் போட்டு, கம்பி விட்டு, காற்றடித்து, ஒரு பக்கம் எண்ணெய் ஊற்றினால் மறுபக்கம் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டு. ராடு போல்ட்டை அளவு பார்க்கும் ஸ்பேனரில் இறுக்கு, என்னைப் போல் கைக்குத் தெரியும் என்று இருந்துவிடாதே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, பட்டறைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அக்கா அன்னக்கிளிக்கு இது ஐந்தாம் மாதம், மாசியில் பிள்ளை வரம் வேண்டித் திருக்கோஷ்டியூரில் விளக்கு எடுத்து வந்தது பலித்தது என்று உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், அந்த மடி எங்களுக்கு முழுசாக வேண்டும். இனி ஓட்டாதே என்று சொல்ல மாட்டேன். ரேஸ் தேதியை எழுது, நானும் வந்து பார்க்கிறேன்.

நூறு வயது நன்றாக இரு. அம்மா குன்றக்குடி விபூதியும் கொஞ்சம் சந்தனமும் மடித்து வைக்கச் சொன்னாள், வைத்திருக்கிறேன். இரண்டும் உன் நெற்றிக்கு மட்டும்தான், இன்ஜின் பக்கம் கொண்டு போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. மலையாண்டி